அக்கரைத் தாளமும் இக்கரைத் தமிழும்

மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில் அமைந்த ஜொகூர் மாநிலத்தையும் சிங்கப்பூர்த் தீவையும் பிரித்து நிற்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமே கொண்ட நீரிணை. அந்நீரிணையின் குறுக்கே கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பப்பட்டு, 1924ஆம் ஆண்டு ஜூன் திங்களில் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட கடற்பாதையைத் தமிழ் மக்கள் ஜொகூர்ப் பாலம் என்றே வழங்கி வருகின்றனர். ரப்பரும் அரிசியும் மனிதரும் அதன் வழியே சென்றும் வந்தும் இருக்கின்றனர். சுங்கச் சாவடியில் நிறுத்திச் சோதிக்க இயலாத பண்டம் ஒன்றும் அந்நீரிணையைக் கடந்து வந்ததுண்டு. அது பாட்டு.

போரையும் சட்டத்தையும் விலைவாசியையும் எழுதிவைக்கும் வரலாற்று நூல்கள், ஒரு தலைமுறையின் இளைஞர் எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குச் சென்றனர் என்பதை எழுதிவைப்பதில்லை. அஃது அற்பச் செய்தி எனத் தோன்றலாம். ஆயினும், சிறுபான்மையினராய் வாழும் ஓர் இனத்தின் பிள்ளைகள் பொழுதுபோக்கும் நேரத்தில் எம்மொழியைத் தம் வாயில் வைத்திருந்தனர் என்பது, அவ்வினத்தின் மொழி வரலாற்றில் அற்பச் செய்தி ஆகாது. 1976 முதல் 1985 வரையிலான பத்தாண்டுக் காலத்தில் ஜொகூர்த் தமிழ் இளையோரின் செவிகளுக்கு எட்டிய 'டிஸ்கோ' என்னும் இசைவகை இந்நோக்கில் ஆராயத்தக்கது. அதனை ஆராயப் புகுவோர், ஜெர்மனி நாட்டில் உருவான ஓர் இசைத்தட்டிலிருந்தும், அதற்கும் முன்னே அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு கொலையிலிருந்தும் தொடங்க வேண்டியவராகின்றனர்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர் பாபி ஹெப் என்னும் கறுப்பினப் பாடகர். இவருடைய தாய் தந்தையர் இருவரும் கண்பார்வை இழந்தவர்கள், இருவரும் இசைவாணர்கள். 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே துயரில் மூழ்கிய அவ்வேளையில், நாஷ்வில்லில் ஓர் இரவு விடுதியின் வாயிலில் ஹெப்பின் அண்ணன் ஹரால்டு கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். நாட்டின் துயரும் வீட்டின் துயரும் ஒருங்கே வந்து தாக்கிய அந்நாள்களில் ஹெப் இயற்றியதே 'சன்னி' என்னும் பாடல். ஒப்பாரியாக அமைந்திருக்க வேண்டிய இப்பாட்டு, இருண்ட நாளில் சிரித்த முகம் காட்டியவருக்கு நன்றி கூறும் பாட்டாக அமைந்தது. 1966ஆம் ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்து, அமெரிக்க விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அதன்பின் எத்தனையோ பாடகர் எத்தனையோ விதமாக அதனைப் பாடினர்.

டிஸ்கோ என்னும் சொல், இசைத்தட்டுச் சேமிப்பகம் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம். வாத்தியக் குழுவுக்குப் பதிலாக இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஆடும் கூடங்களுக்கு அப்பெயர் வழங்கி, பின்னர் அங்கு ஒலித்த இசைக்கே ஆகிவந்தது. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நியூயார்க் நகரின் கறுப்பின மக்களும், லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளும், ஒருபால் நாட்டமுடையோரும் கூடிய கூடங்களிலேதான் இவ்விசை வளர்ந்தது. சமுதாயத்தின் மேல்தட்டில் இடமில்லாதவர்கள் ஓரிரவேனும் தம்மை மறந்து ஆடுவதற்கு அமைத்துக்கொண்ட இசை அது. அதன் தாள அமைப்பு மிக எளிது. ஓர் ஆவர்த்தனத்தின் நான்கு எண்ணிக்கையிலும் பெருமுரசு ஒரே எடையில் விழும். ஒவ்வோர் அடிக்கும் நடுவே உலோகத் தட்டு 'ட்ஸ்' என்று ஒலிக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள். பிலடெல்பியா நகரின் முரசறைவாளர் எர்ல் யங் 1973ஆம் ஆண்டளவில் இவ்வடிவை நிலைபெறச் செய்தார் என்பர். நம் இசையிலக்கணப்படி கூறினால், சதுசிர நடையில் அமைந்த நான்கெண்ணித் தாளம், அவ்வளவே. தோட்டத்துத் திருவிழாவில் தப்படிக்கும் அன்பர் ஒருவர் அதை முதன்முறை கேட்டாலும் கை தடுமாறாமல் உடன் அடித்துவிடுவார்.

இவ்வமெரிக்க விதையை ஐரோப்பிய மண்ணில் நட்டவர்களுள் ஒருவர் பிராங்க் பாரியன். 1941ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்து, சமையற்கலை பயின்று, பாடகராகப் பெரும்புகழ் எய்தாதவர். 1975ஆம் ஆண்டளவில் அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமே பல குரல்களில் பாடி ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் துப்பறியும் தொடர் ஒன்றின் நாயகனுடைய பெயரைக் கடன் வாங்கி, 'போனி எம்' என்னும் புனைபெயரில் அதை வெளியிட்டார். பாட்டு விலைபோயிற்று, பாடியவரைக் காட்டுமாறு மக்கள் கேட்டனர். இல்லாத குழுவுக்கு ஆள் சேர்க்க வேண்டிய நிலை பாரியனுக்கு ஏற்பட்டது. ஜமைக்காவில் பிறந்த லிஸ் மிட்செல், மார்சியா பாரெட், மொன்செராட் தீவைச் சேர்ந்த மேசி வில்லியம்ஸ், அருபாத் தீவைச் சேர்ந்த பாபி பாரெல் ஆகிய நால்வரும் சேர்ந்தனர். நால்வரும் கரிபியன் தீவுகளில் பிறந்து ஐரோப்பாவில் பிழைக்க வந்தவர்கள். கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அத்தீவுகளில் வாழ்பவருட் பெரும்பாலோர் என்பதனை, பால்மரத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் நினைவிற் கொள்ளுதல் பொருந்தும்.

இக்குழுவின் முதல் நெடுநேர இசைத்தட்டு 1976ஆம் ஆண்டு வெளிவந்த 'டேக் தி ஹீட் ஆஃப் மி' என்பது. உலகெங்கும் ஒலித்த 'டாடி கூல்' அதில்தான் இடம்பெற்றது. ஹெப் எழுதிய 'சன்னி'யும் புதுத் தாளத்தில் அதில் இடம்பெற்றது. பத்தாண்டுகளுக்கு முன் மென்மையாக ஒலித்த நன்றிப் பாட்டு, பெருமுரசும் வயலின் கூட்டமும் சேர்ந்து ஆட்டத்துக்குரிய பாட்டாக மாறிவிட்டது. அண்ணனை இழந்த ஒருவரின் துயர் அதனுள் இருந்தமையை ஆடியவர் எவரும் அறிந்திரார்.

இங்குத் தமிழர் புன்முறுவல் பூப்பதற்குரிய செய்தி ஒன்றுண்டு. மேடையில் துள்ளிக் குதித்து ஆடிய பாபி பாரெல் இசைத்தட்டில் பாடவே இல்லை. அவருடைய கனத்த குரலாக உலகம் கேட்டது பாரியனின் சொந்தக் குரல். மேசி வில்லியம்சும் ஒலிப்பதிவுகளில் பாடியவர் அல்லர். இச்செய்தி வெளிப்பட்டபோது மேலை நாட்டார் அதனை ஏமாற்று என்றனர். பிற்காலத்தில் இதே பாரியன் உருவாக்கிய 'மில்லி வனிலி' என்னும் இருவர் குழு பாடாமலே பரிசு பெற்றது தெரியவந்து, 1990ஆம் ஆண்டு கிராமி விருதே திரும்பப் பெறப்பட்டது. தமிழர்க்கோ இது வியப்பன்று. ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்க, பாடியவரையும் ஆடியவரையும் தனித்தனியே போற்றத் தெரிந்த சமுதாயம் இது. பின்னணிப் பாடகரின் பெயரை இசைத்தட்டு உறையில் அச்சிட்டுவிட்டால் ஏமாற்று என்னும் பேச்சுக்கே இடமில்லாமற் போகிறது.

'டேக் தி ஹீட் ஆஃப் மி' வெளிவந்த அதே 1976ஆம் ஆண்டில் சென்னையில் 'அன்னக்கிளி' வெளிவந்தது. பஞ்சு அருணாசலம் அறிமுகப்படுத்திய இளையராஜா என்னும் இசையமைப்பாளரின் முதற்படம் அது. பண்ணைப்புரத்து நாட்டுப்பாடலைத் திரைக்குக் கொணர்ந்தவர் எனத் தொடக்கத்தில் அவர் போற்றப்பட்டார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையைப் பயின்றவர், கித்தார் வாசிப்பதில் தேர்ந்தவர் என்பன மெல்லவே பொதுமக்களுக்குத் தெரியவந்தன. இரண்டாண்டுகள் கழித்து, 1978ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், எஸ். பி. முத்துராமன் இயக்கத்தில் 'பிரியா' வெளியாயிற்று. எழுத்தாளர் சுஜாதாவின் புதினத்தைத் தழுவியது; ரஜினிகாந்தும் ஸ்ரீதேவியும் நடித்தது; சிங்கப்பூரில் படம் பிடிக்கப்பட்டது; பாடல்களைப் பஞ்சு அருணாசலம் எழுதினார். இருதடத் திசையொலியில், அதாவது ஸ்டீரியோ முறையில், பாடல்கள் பதிவு செய்யப்பட்ட முதல் தமிழ்ப் படம் என்னும் பெருமை இதற்கு உண்டு.

அப்படத்தில் பி. சுசீலா பாடிய 'டார்லிங் டார்லிங்' என்னும் பாடலின் எடுப்பைக் கேட்டவுடனே போனி எம் குழுவினரின் 'சன்னி' நினைவுக்கு வரும். இதை மறைக்கவும் தேவையில்லை, மறைக்கவும் முடியாது. ஆனால் நினைவுக்கு வந்த 'சன்னி' அப்படியே நின்றுவிடுவதில்லை. 1950ஆம் ஆண்டுகளிலிருந்தே பாடிவந்த, ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய ஒலியோடு உச்சரித்துப் பழகிய சுசீலாவின் குரல் அத்தாளத்தின்மேல் ஏறியவுடன் பாட்டின் குணமே வேறாகிவிடுகிறது. ஆட்டக்கூடத்தின் ஆரவாரம் குறைந்து, ஓர் இளம்பெண்ணின் நாணமும் உரிமையும் முன்னே வந்து நிற்கின்றன. நாஷ்வில்லில் துயரிற் பிறந்து, ஜெர்மனியில் ஆட்டத்துக்கு இசைந்து, சென்னையில் காதற்பாட்டாகி, சிங்கப்பூர்க் காட்சிகளோடு இணைந்து, அங்கிருந்து பாலத்தைத் தாண்டி ஜொகூருக்கு வந்தது ஒரே மெட்டு. பதினைந்தே ஆண்டுகளில் நிகழ்ந்த பயணம் இது.

பிறர் மெட்டில் தம் மொழியைப் பெய்வது தகுமா என்னும் வினா அன்றே எழுந்தது, இன்றும் எழுகிறது. தமிழகத்து இசை வரலாறு இவ்வினாவுக்குப் புதிதன்று. இசை மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசுவாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கும்பெனியாரின் வாத்தியக் குழுவினர் வாசித்த மேலை மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டுஸ்வர சாகித்யங்கள்' என வழங்கும் அவற்றுள் ஒன்று ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டிலேயே அமைந்துள்ளது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளையரிடம் வயலின் பயின்று, கருநாடக இசைக்கு அதனை உரியதாக்கினார். வயலின் இல்லாத கச்சேரியை இன்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காலந்தோறும் புதிது வந்து சேரும் சொல்லை விலக்க வேண்டுவதில்லை என எச்சவியலில் இடந்தந்த தொல்காப்பியரின் மரபினர், காலந்தோறும் வந்து சேரும் தாளத்துக்கும் இடந்தருதல் இயல்பேயாம். எனினும் தீட்சிதர் வாழ்ந்த காலத்தில் பதிப்புரிமை என்பது அவர் எடுத்தாண்ட மெட்டுகளைத் தொடரவில்லை. ஹெப் 'சன்னி'யை எழுதிய காலத்தில் அவ்வுரிமை இருந்தது. ஆதலின் முன்மரபு உண்டு என்பது ஒன்று. மூலம் படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டுமென்பது மற்றொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுத்தல் முறையாகாது. 'டார்லிங்' பாட்டைப் பாடி மகிழ்ந்த தமிழருள் பாபி ஹெப் என்னும் பெயரை அறிந்தோர் எத்துணையர்?

இனி ஜொகூருக்கு வருவோமாயின், அக்காலத்தில் அம்மாநிலத் தமிழரின் வாழ்வு பெரியதொரு மாற்றத்தின் வாயிலில் நின்றது. குளுவாங், சிகாமாட், லாபிஸ், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களின் தோட்டங்களில் பால்மரம் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு வேண்டிய ஆள் குறைவு. 1977ஆம் ஆண்டு பாசிர் கூடாங்கில் ஜொகூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது; அதனைச் சூழத் தொழிற்சாலைகள் எழுந்தன. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளும் ஆட்களை அழைத்தன. அதிகாலைப் பெரட்டுக்களத்தில் தந்தை நின்ற இடத்தில் மகன் நிற்கவில்லை; அவன் பேருந்து நிறுத்தத்தில் நின்றான். கையில் முதன்முறையாக மாதச் சம்பளம். அச்சம்பளத்தில் அவன் வாங்கிய பொருள்களுள் வானொலியோடு கூடிய ஒலிநாடாக் கருவி முதன்மையானது. பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு உலகுக்கு அளித்த அச்சிறு நாடாப்பேழை, இசைத்தட்டுச் சுழற்றி வாங்க இயலாத வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. இருதடத்தில் அரும்பாடுபட்டுப் பதிவு செய்த 'பிரியா' பாடல்களைப் பெரும்பாலான லயத்து வீடுகள் ஒற்றை ஒலிபெருக்கியின் வழியேதான் கேட்டிருக்கும் என்பது வேறு செய்தி.

வானொலிகளும் துணை நின்றன. கோலாலம்பூரிலிருந்து மலேசிய வானொலியின் தமிழ்ப்பிரிவும், நீரிணைக்கு அப்பாலிருந்து சிங்கப்பூர் வானொலியின் தமிழ்ப்பிரிவும் ஜொகூர்த் தமிழர்க்கு ஒருசேரக் கிட்டின. வடமாநிலத் தமிழர்க்கு வாய்க்காத பேறு இது. ஒரே பாட்டை ஒரே நாளில் இரு நாட்டு அறிவிப்பாளர்களும் ஒலிபரப்பக் கேட்டவர்கள் தென்கோடித் தமிழர்களே. 1978ஆம் ஆண்டு இறுதியில் மலேசியத் தொலைக்காட்சியில் வண்ண ஒளிபரப்பும் தொடங்கியது.

'பிரியா'வில் கே. ஜே. யேசுதாஸ் பாடிய 'அக்கரைச் சீமை' என்னும் பாடல் சிங்கப்பூரின் அழகையும் அங்குப் பல இனத்தார் ஒன்றி வாழ்தலையும் புகழ்வது. சென்னையில் அமர்ந்து எழுதியவர்க்கு அக்கரை என்பது கடல் கடந்த கனவுநாடு. ஜொகூர் பாரு கடற்கரையில் நின்று அதே சொல்லைக் கேட்டவனுக்கு அக்கரை என்பது கண்ணெதிரே விளக்கெரியும் இடம். நாள்தோறும் கடப்பிதழைக் காட்டி வேலைக்குச் சென்று, இரவில் களைத்துத் திரும்பும் இடம். சொல் ஒன்றே, பொருள் இரண்டு. தமிழ்நாட்டுத் திரைப்படம் தன் வீட்டு வாசலை வெளிநாடாகக் காட்டியதைக் கண்ட ஜொகூர்த் தமிழனுக்குப் பெருமிதமும் தோன்றியிருக்கும்; தான் மட்டும் அப்படத்தில் இல்லையே என்னும் சிறு குறையும் தோன்றியிருக்கும்.

அடுத்த ஆண்டே, 1979 ஏப்ரலில், கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' சிங்கப்பூரைக் களமாகக் கொண்டு வெளிவந்தது. எம். எஸ். விசுவநாதன் இசையமைக்க, பாடல்களைக் கண்ணதாசன் எழுதினார். இசைக்குழு ஒன்றின் வெளிநாட்டுப் பயணமே அதன் கதை. மெல்லிசை மன்னர் தம் ஐம்பதாம் வயதில் இளையோரின் தாளத்தை எட்டிப்பிடித்துக் காட்டினார். கவியரசரோ அத்தாளத்திலும் தம் தத்துவத்தைக் கைவிடவில்லை. அதன்பின் டிஸ்கோ தமிழ்த் திரையில் வெள்ளமாயிற்று. 1982ஆம் ஆண்டின் 'சகலகலா வல்லவன்' தந்த புத்தாண்டுப் பாடல் இன்றளவும் ஆண்டுப் பிறப்பு நள்ளிரவில் தமிழர் கூடுமிடமெல்லாம் ஒலிக்கிறது. இந்தியில் பிட்டுவின் இசையில் நாசியா ஹசன் பாடிய 'டிஸ்கோ தீவானே' 1981இலும், பப்பி லகிரியின் இசையில் 'டிஸ்கோ டான்சர்' 1982இலும் வந்தன. பின்னது 1985இல் ஆனந்த்பாபு நடிக்கப் 'பாடும் வானம்பாடி'யாகத் தமிழில் மறுவடிவம் பெற்றது. டிஸ்கோ என்னும் சொல்லையே ஒரு நடிகை தம் பெயருக்கு அடைமொழியாக்கிக் கொண்டார். இவற்றுட் பல விரைந்து தோன்றி விரைந்து மறைந்தவை; அவற்றைப் பற்றி மிகுதியும் கூற வேண்டுவதில்லை.

பெரியோர்க்கு இவ்வெள்ளம் கவலை தந்தது. தேவாரமும் நாட்டுப்பாடலும் கேட்ட வீட்டில் பெருமுரசு அதிர்வதை அவர்கள் விரும்பவில்லை. அக்கவலையைப் பழமைவாதம் என ஒதுக்கிவிடுதல் எளிது, ஆனால் நேர்மையன்று. மேலைப் பண்பாட்டின் மேற்பூச்சு மட்டும் இளைஞரைப் பற்றிக்கொள்ளும் என்னும் அச்சம் அக்காலத்தில் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரில் 1970ஆம் ஆண்டுகளில் நீண்ட முடி வளர்த்த ஆடவரைக் கடைசியாகவே கவனிப்பர் என அரசு அலுவலகங்களில் அறிவிப்புத் தொங்கியது. மலேசியாவில் 1971ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு, இவ்வட்டார மக்களின் பண்பாடே தேசியப் பண்பாட்டுக்கு அடித்தளம் என்றும், பிற பண்பாடுகளிற் பொருத்தமான கூறுகள் ஏற்கப்படும் என்றும், இஸ்லாம் அதில் இன்றியமையாத கூறு என்றும் வகுத்தது. பொருத்தமான கூறு எது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினாவோடு தமிழர் காத்திருந்த காலத்தில், அவர்தம் பிள்ளைகள் நாட்டார்க்கும் ஆகாத, பாட்டனார்க்கும் ஆகாத ஓர் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தனர். பெரியோர் கலங்கியதில் வியப்பென்ன?

ஆயினும் அக்கலக்கத்தில் ஒன்றை அவர்கள் காணத் தவறினர். டிஸ்கோ எப்படியும் வந்தே தீரும் நிலையில் இருந்தது. 'சாட்டர்டே நைட் ஃபீவர்' இசைத்தட்டு 1977 இறுதியில் வெளிவந்து, மறு ஆண்டில் அமெரிக்க விற்பனை வரிசையில் 24 வாரம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அதன் பாட்டுகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஒலித்துக்கொண்டிருந்தன. தமிழ் இளைஞன் அத்தாளத்தை ஆங்கிலத்தில் கேட்டிருப்பான். அல்லது மலாயில் கேட்டிருப்பான். வேலையிடத்தில் மலாய், பாலத்துக்கு அப்பால் ஆங்கிலம், வீட்டில் மட்டும் தமிழ் என்று குறுகிவந்த வாழ்வில், புதுமை என்பது பிறமொழிக்கும் பழமை என்பது தமிழுக்கும் உரியதாகப் பங்கிடப்பட்டிருக்கும். அப்பங்கீட்டினைத் தடுத்ததில் 'பிரியா'வைப் போன்ற இசைத்தொகுப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. தமிழிலேயே புதுமையாக இருக்கலாம் என்னும் எண்ணத்தை அவை இளைஞனுக்குத் தந்தன. அத்தமிழ்ப் பாட்டு 'டார்லிங்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு தொடங்கியது உண்மையே. தமிழிசை இயக்கம் கண்ட சான்றோர் இதனை உவந்திருக்கமாட்டார். ஆனால் தொடக்கத்து ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னே வந்த சொற்கள் தமிழ்ச் சொற்கள். அவற்றை உச்சரிக்கக் கற்பித்தவர் சுசீலா. வகுப்பறையில் லகர ளகர ழகர வேறுபாட்டை உணர்த்தப் பாடுபடும் ஆசிரியர்கள் அவ்வுதவியின் மதிப்பை அறிவார்கள்.

பங்கீடு முற்றும் தடுக்கப்பட்டதா எனின், இல்லை. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் முன்னின்று நடத்திய 'அலிகேட்ஸ்' குழு 1970, 80ஆம் ஆண்டுகளில் நாடு போற்றும் இசைக்குழுவாயிற்று. அவர்கள் புகழ் பெற்றது மலாய்ப் பாடல்களால். அம்மொழிக்கு அவர்கள் ஆற்றிய தொண்டு பெருமைக்குரியது. எனினும், மலேசியத் தமிழர் ஒருவர் புதுமை இசையில் நாடறிய வேண்டுமெனில் மலாய் மொழி வழியே செல்ல வேண்டியிருந்தது. தமிழில் புதுமை வேண்டுமெனில் சென்னையை எதிர்நோக்க வேண்டியிருந்தது. கேட்கும் உரிமை இக்கரையில். படைக்கும் உரிமை அக்கரையில். இந்நிலையே அடுத்த இருபத்தைந்தாண்டு நீடித்தது.

ஒலிநாடா வணிகமும் இந்நிலை நீடிக்க ஒரு காரணம். மூலத்தைப் படியெடுத்து மலிவாக விற்கும் பேழைகள் நீரிணையின் இருகரையிலும் குவிந்திருந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புதிய பதிப்புரிமைச் சட்டங்கள் 1987ஆம் ஆண்டிலேதான் வந்தன. மலிவான படிப்பேழை ஏழைத் தொழிலாளியின் வீட்டுக்குப் பாட்டைக் கொண்டு சேர்த்தது. அதே பேழை, உள்ளூரில் ஒருவர் தமிழ் இசைத்தட்டு வெளியிட்டுப் பிழைக்கும் வழியையும் அடைத்தது. இரண்டும் உண்மை. பாட்டின் உரிமை யாருக்கு என்னும் வினா பிற்காலத்தில் இளையராஜாவையும் வந்தடைந்தது. தம் பாடல்களை இசைவின்றி மேடைகளில் பாடுதல் கூடாதென 2017ஆம் ஆண்டு அவர் தரப்பிலிருந்து நெடுநாள் நண்பர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கே வழக்கறிஞர் அறிவிப்புச் சென்றது.

அமெரிக்காவில் டிஸ்கோவின் முடிவு விரைந்து வந்தது. 1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் சிகாகோ நகரின் பந்தாட்டத் திடலில் பல்லாயிரவர் கூடி டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டம் திடலுக்குள் புகுந்து, ஆட்டமே நின்றுபோயிற்று. கறுப்பினத்தாரும் ஒதுக்கப்பட்டோரும் வளர்த்த இசையின்மேல் காட்டிய வெறுப்பு அது எனப் பின்னாளைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சிகாகோவில் வெடித்த ஆண்டிலேதான் தமிழில் அத்தாளம் வேரூன்றிக் கொண்டிருந்தது. பிறந்த மண்ணில் பழிக்கப்பட்டபின்னும் வேற்று நிலங்களில் அது வாழ்ந்தது. தைப்பூசக் காவடிகளுக்கு முன்னே உறுமி மேளம் முழக்கும் இளைஞர்கள் திரைப்பாடல் மெட்டுகளைக் கலந்து வாசிப்பதும், சமயப் பெரியோர் அதனைக் கண்டிப்பதும் மலேசியாவில் ஆண்டுதோறும் காணும் காட்சி. நான்கெண்ணியும் சம எடையில் விழும் அம்முழக்கத்தைக் கூர்ந்து கேட்போர்க்கு எது தப்பிலிருந்து வந்தது, எது டிஸ்கோவிலிருந்து வந்தது எனப் பிரித்தறிதல் எளிதாயிராது.

கேட்போர் படைப்போராக மாறிய காலம் புத்தாயிரத்தில் வந்தது. 1990ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூரில் 'பொயட்டிக் அம்மோ' என்னும் குழுவில் ஆங்கிலம் முதலிய பல மொழிகளில் சொல்லிசை பாடிவந்த யோகி பி, நட்சத்திரா குழுவினரோடு இணைந்து 2006ஆம் ஆண்டு 'வல்லவன்' என்னும் முழுத் தமிழ் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் பெரும்புகழ் பெற்ற 'மடை திறந்து', 1980ஆம் ஆண்டின் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலை எடுத்துக்கொண்டு, அதன்மேல் புதிய தமிழ் அடிகளை அடுக்கியது. 'சன்னி'யை எடுத்து இளையராஜா செய்ததை, இளையராஜாவை எடுத்து மலேசியத் தமிழர் செய்தனர். இலக்கணம் பிழையற்ற தமிழன்று அது; ஆயினும் வீதியிலும் பேருந்திலும் உயிரோடு வழங்கும் தமிழ். அதைக் கேட்டுத் தமிழ்நாட்டு இளைஞர் வியந்தனர்.

மறு ஆண்டு, 2007ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு, வெற்றிமாறனின் முதற்படமாகிய 'பொல்லாதவன்' வெளிவந்தது. 1979இல் சிங்கப்பூரைக் களமாக்கிய 'நினைத்தாலே இனிக்கும்' படத்தின் 'எங்கேயும் எப்போதும்' பாடல் அதில் மறுவடிவம் பெற்றது. பழைய பாட்டைப் பாடிய பாலசுப்பிரமணியமே மீண்டும் பாடினார். அவருடைய குரலுக்கு நடுவே புதிய தமிழ் அடிகளை விரைந்து சொல்லிச் சென்றவர் மலேசியாவின் யோகி பி. இம்முறை குரல் இக்கரையிலிருந்து சென்றது.